24 வச்சா 26-லயே நிக்குது, இன்டெக்ரல் எங்கப்பா?

வியாசர்பாடி மெக்கானிக்: நேத்து ஒருத்தரு எழுதிட்டுப் போனாரு, "இன்வெர்ட்டர் ஏசில பிஐ கன்ட்ரோல் இருக்கு, 24 வச்சா 24-ல தான் நிக்கும்"னு. இன்னா உதாரு! கொடுங்கையூர்ல மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. மத்தியானம் 3 மணி. செட் 24, கட்டில் பக்கம் தெர்மாமீட்டர்ல 26. வந்து பாரு நைனா.

மணலி இன்ஸ்ட்ருமென்ட்: அந்த "ஒருத்தரு" நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். பிஐ-ல பி-ன்னா ப்ரொபோர்ஷனல், ஐ-ன்னா இன்டெக்ரல். ப்ரொபோர்ஷனல் மட்டும் இருந்தா, எரர், அதாவது செட்டுக்கும் ரூம் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம், குறையக் குறைய கம்ப்ரஸர் வேகமும் குறையும். உள்ள வர்ற சூடும் வெளிய தள்ற சூடும் எங்க சமமாகுதோ, அங்கயே செட்டுக்கு மேல நின்னுடும். அந்த மிச்ச எரரை நேரத்தோட கூட்டிக்கிட்டே போய் வேகத்தை ஏத்துறதுதான் இன்டெக்ரல். 1922-லயே மினோர்ஸ்கின்னு ஒரு இன்ஜினியர் கப்பல் சுக்கானுக்கு எழுதி வச்ச கணக்கு.

வியாசர்பாடி மெக்கானிக்: கப்பலு காசிமேட்டாண்ட போய் ஓட்டிக்க. 26 ஏன்?

மணலி இன்ஸ்ட்ருமென்ட்: 1 டன் ஏசின்னா சுமார் 3.5 கிலோவாட் சூட்டைத்தான் வெளிய தள்ளும். வெயில் குடிச்ச தளம் அதுக்கு மேல சூட்டைக் கொட்டுனா, கம்ப்ரஸர் உச்சத்துல நிக்கும். அதுக்கு மேல இன்டெக்ரல் எங்க ஏத்தும்? கூட்டுறத அங்க நிறுத்தி வைக்கலன்னா இன்னும் மோசம். சாயங்காலம் 24-ஐத் தாண்டிக் கீழ போயும், சேத்து வச்சது கரையுற வரைக்கும் ஓடி ரூமை நடுங்க வச்சிடும். அதுக்குப் பேரு வைண்டப்.

ராயபுரம் ரோஸி: அண்ணே, ஏசியோட சென்சார் உள் யூனிட் காத்து இழுக்குற இடத்துல இருக்கு. அதுக்கு 24 தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. உங்க கட்டிலை அது எங்க பாத்துச்சு?

வியாசர்பாடி மெக்கானிக்: நீ வேறம்மா. கரென்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர் மாட்டுனேன், 3 ஆம்பியர்தான். இதா உச்சம்? 26 ஏன், சொல்ல மாட்டேங்குறாரே!

மணலி இன்ஸ்ட்ருமென்ட்: வெளி யூனிட்டை முட்டுச் சந்துல, சுவத்தை ஒட்டி மாட்டியிருப்பீங்க. சூடு ஏறுனா ஏசியோட கன்ட்ரோல் போர்டே கம்ப்ரஸர் வேகத்தை மட்டுப்படுத்தும். அப்போ அதான் உச்சம். யாரு மாட்டுனது?

வியாசர்பாடி மெக்கானிக்: நான்தான் மாட்டுனேன். இன்னா இப்போ? பேனல் ரூம் குளிர்ல குந்திக்கினு பீலா வுடுறவன் ஏணி ஏறிப் பாத்திருக்கியா?

தண்டையார்பேட்டை தம்பி: 16-ல வைங்கப்பா, சட்டுனு கூலாவும்.

மணலி இன்ஸ்ட்ருமென்ட்: வந்துட்டாருய்யா. உச்சத்துல ஓடுற கம்ப்ரஸர் உன் ரிமோட்டுக்குப் பயந்து இன்னும் வேகமா ஓடுமா?

தண்டையார்பேட்டை தம்பி: எங்க வூட்ல ஆவுது.

ராயபுரம் ரோஸி: கரென்ட் பில்லும் ஆவும். 2020-லேருந்து புது ஏசிய ஆன் பண்ணா 24-லயே வரணும்னு கவர்மென்ட்டு சும்மாவா ரூல் வச்சான்?

வியாசர்பாடி மெக்கானிக்: அந்த 24 வச்சுத்தான் 26 நிக்குது!!

மணலி இன்ஸ்ட்ருமென்ட்: ஊசிமுனை லீக்குக்கு முழு கேஸ் பில் போட்ட ஆளு நம்பரைப் பத்திப் பேசக் கூடாது. ஞாபகம் இருக்குல்ல, போன கோடையில?

வியாசர்பாடி மெக்கானிக்: அது இன்வெர்ட்டர் ஏசி, உள்ள ஆர்32 கேஸ். மொத்தத்தையும் எடுத்துட்டு எடை போட்டுத்தான் ஏத்தணும். உனக்கு இன்னா தெரியும்? பில்லைப் போடு இங்க, எல்லாரும் பாக்கட்டும்.