கலைச்சொல் தேவை: தீ எச்சரிக்கைப் பலகையில் ‘ஆட்டோ புரோகிராம்’

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தீ எச்சரிக்கை அமைப்பை நிறுவுகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்களை ஒருவாறு தேற்றிவிட்டேன்: டிடெக்டருக்கு உணரி, லூப்புக்கு வளையம், பேனலுக்குப் பலகை, அட்ரஸுக்கு முகவரி. ‘ஆட்டோ புரோகிராம்’தான் இடறுகிறது. ஒரு முழு அத்தியாயமே அதைப் பற்றியது, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்குத் ‘தானியங்கு நிரலாக்கம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன், படிக்கப் படிக்க நிறைவாக இல்லை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: பலகையிலிருந்து கிளம்பும் கம்பி வளையத்தில் கருவிகளை மாட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி எண்ணைத் திருகி வைத்த பிறகு, பலகையில் கடவுச்சொல் கொடுத்து இந்தத் தெரிவை அழுத்த வேண்டும். பலகை ஒவ்வொரு எண்ணாக விசாரித்துக்கொண்டே போய், எந்த எண்ணில் என்ன வகைக் கருவி இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான் செயல். இதற்கு, ஏணிமேல் நின்று வேலை செய்கிறவருக்கும் புரிகிற ஒரு சொல் வேண்டும்.

---

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, ‘தானியங்கு’ என்பதை முதலில் விட்டுவிடுங்கள். தான் + இயங்கு என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்குச் சரி, வரியின் ஓரத்தில் ‘தானியங்-’ என்று முறிந்து அடுத்த வரிக்குப் போனால் படிப்பவர் கண்ணுக்குத் தானியம்தான் தெரியும். தவிர, இங்கே இயங்குவது எது? பலகை எப்போதும்தான் இயங்கிக்கொண்டிருக்கிறது. நிரல் தானாக அமைகிறது என்பதுதானே பொருள்? ‘தன்’ போதும். தன் + நிரல், தன் + நலம் தன்னலம் ஆனதுபோலத் தன்னிரல் ஆகும். ஆகவே தன்னிரலாக்கம்.

நிரல் என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது என்பதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. நிரனிறைப் பொருள்கோளை நினைத்துப் பாருங்கள். ‘அன்பும் அறனும் உடைத்தாயின்’ என்ற குறளில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன் என்று ஒரு வரிசையும் இன்னொரு வரிசையும் முறைமாறாமல் பொருந்துகின்றன. உங்கள் பலகையும் எண்களை ஒரு நிரலாகவும் கருவிகளை ஒரு நிரலாகவும் வைத்து ஒன்றோடொன்று பொருத்துகிறது. இவ்வளவு பொருத்தமான வேர் அமைந்திருக்கும்போது வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, உணரி என்பதும் எனக்கு உடன்பாடில்லை. உணர்பொறி என்றால் ஐம்பொறியோடும் ஒட்டும். கண் காது மூக்கு எல்லாம் பொறிதானே? புகையை முகர்கிற கருவி மூக்குக்கு நிகரான பொறி.

---

பயிற்சி வகுப்பு நடத்துபவர் எழுதியது:

ஐயா, பொறி வேண்டாம். வகுப்பில் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இயந்திரமும் பொறி, புலனும் பொறி, எலி பிடிப்பதும் பொறி, நெருப்பிலிருந்து தெறிக்கிற துளியும் பொறி. மற்ற இடத்தில் எப்படியோ, தீ சம்பந்தப்பட்ட வேலையில் இந்தச் சொல் ஆகவே ஆகாது. ‘தீயுணர்பொறி’ இரண்டாவது வாரத்தில் வாய்வழக்கில் ‘தீப்பொறி’ ஆகிவிடும், பிறகு ‘மூன்றாம் மாடியில் தீப்பொறி இருக்கிறது’ என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் கேட்பவர் என்ன செய்வார்?

உணரி நல்ல சொல். பூச்சிக்கொல்லி, மண்வெட்டி போல இகர விகுதி பெற்றுச் செய்கிறதைக் குறிக்கிறது. இருக்கட்டும்.

---

களத்தில் வேலை செய்யும் டெக்னீஷியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இலக்கணம் பேசுகிற தகுதி எனக்குக் கிடையாது, ஆனால் இந்த வேலையைத் தினமும் செய்கிறவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து ‘நிரலாக்கம்’ என்று போடாதீர்கள், முன்னால் தன் வந்தாலும் தானியங்கு வந்தாலும் சரி. அந்த வார்த்தையைப் பார்க்கிறவன் பட்டனை அழுத்தியதும் பேனலில் செய்ய வேண்டிய வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பான். பாதி வேலைகூட முடிந்திருக்காது.

நடப்பதைச் சொல்கிறேன். நான் அதிகம் பார்க்கிற பேனல்களில் ஒரு லூப்பில் 159 டிடெக்டர், 159 மாட்யூல் (சுவிட்ச், ஹூட்டர் போன்றவற்றை லூப்போடு இணைக்கிற கருவி) வரை போடலாம். கருவியில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும், ஒன்று பத்தாம் இடம், ஒன்று ஒன்றாம் இடம். பத்தாம் இடம் 0 முதல் 15 வரை போகும், அதனால்தான் 159 என்ற எண். நுனி மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வைத்து, பேஸில் மாட்டித் திருகினால் உட்கார்ந்துவிடும். பவர் கொடுத்து ஆட்டோ புரோகிராம் அழுத்தினால் பேனல் லூப்பைச் சுற்றி வந்து, இத்தனை டிடெக்டர், இத்தனை மாட்யூல் என்று திரையில் காட்டும்.

சரி, இப்போது அதற்கு என்ன தெரியும்? 43ஆம் எண்ணில் புகை டிடெக்டர் இருக்கிறது என்று தெரியும். அது மின்தூக்கி வாசலில் இருக்கிறதா, அறைக்குள் இருக்கிறதா என்று தெரியாது. 12ஆம் எண்ணில் ஒரு மானிட்டர் மாட்யூல் என்று தெரியும். அதற்குப் பின்னால் ஒயரில் கட்டியிருப்பது ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் ஓடுவதைச் சொல்கிற சுவிட்சா, வால்வை யாரோ மூடிவிட்டதைச் சொல்கிற சுவிட்சா என்று அதற்குத் தெரியவே தெரியாது. முதலாவது தீ. இரண்டாவது மேற்பார்வை அறிவிப்பு மட்டும். நாம் உட்கார்ந்து மாற்றாவிட்டால் பேனல் தன்னிடம் இருக்கிற பொது வகையைத்தான் போட்டுக்கொள்ளும்.

மற்றவற்றை இயக்கிவைக்கிற கட்டுப்பாட்டு மாட்யூல் இன்னும் மோசம். பல பேனல்களில் ஆட்டோ புரோகிராம் முடிந்ததும் எல்லா வெளியீடும் பொது அலாரத்தில் சேர்ந்து நிற்கும், அதாவது எந்த டிடெக்டர் அடித்தாலும் எல்லாம் இயங்கும். ஒலி எழுப்புகிற ஹூட்டருக்கு அது பரவாயில்லை. தீயை அணைக்க வாயுவைப் பாய்ச்சுகிற வாயு அணைப்பைத் திறக்கிற மாட்யூல் அந்தப் பட்டியலில் இருந்தால்? எது அடித்தால் எது இயங்க வேண்டும் என்கிற கணக்குத்தான் உண்மையான புரோகிராம். அதை மனிதன்தான் எழுத வேண்டும். இங்கே நடப்பது வெறும் கணக்கெடுப்பு.

---

கலைச்சொல் தொகுப்பாளர் எழுதியது:

> தயவுசெய்து ‘நிரலாக்கம்’ என்று போடாதீர்கள்

நண்பரின் கவலை புரிகிறது. ஆனால் ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்ற ஒழுங்கை நாம் விட்டுவிட்டால் பத்து ஆண்டு கழித்து யாருடைய கையேடும் யாருக்கும் புரியாது. புரோகிராமிங் என்றால் நிரலாக்கம், இலங்கை வழக்கில் செய்நிரலாக்கம். ஆட்டோ என்றால் தானியங்கு, அங்கே தன்னியக்க. பலகையின் திரையில் ஆங்கிலத்தில் ‘ஆட்டோ புரோகிராம்’ என்றுதான் எழுதியிருக்கும். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறவர் இரண்டையும் பொருத்த வேண்டாமா? அங்கே புரோகிராம் என்றிருக்க இங்கே கணக்கெடுப்பு என்றிருந்தால் வேறு ஏதோ தெரிவு என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பார். மூலப்பெயரே தவறு என்றால் அதைச் செய்தவர்களிடம் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பில் வைத்துத் திருத்துவது நம் வேலை இல்லை.

சில நிறுவனங்கள் இதையே ‘ஆட்டோ லேர்ன்’ என்கின்றன. அப்படியானால் தற்கற்றல் என்றும் ஒன்று வைக்க வேண்டிவரும். இயந்திரக் கற்றல் பரவிவிட்ட காலத்தில் அது வேறு திசையில் இழுத்துக்கொண்டு போகும்.

---

டெக்னீஷியன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது கலைச்சொல் தொகுதிக்குச் சரி. இந்தக் கையேடு ஒரு கட்டடத்தில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்க வேண்டும் என்பதற்காக எழுதுவது. பெயரே தப்பாக வழிகாட்டினால் கீழே எத்தனை எச்சரிக்கை எழுதினாலும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம், இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சில அமைப்புகளில் திருகே கிடையாது, ஒயர் போகிற வரிசையில் பேனலே முகவரியைக் கொடுத்துவிடும். அது ஆட்டோ அட்ரஸ். இது வேறு. இரண்டுக்கும் ‘தன்’ போட்டு ஒரே மாதிரி பெயர் வைத்தால் கலந்துபோகும்.

---

பயிற்சி வகுப்பு நடத்துபவர் எழுதியது:

நான் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பது வருகைப்பதிவை வைத்துத்தான். ஆசிரியர் எண்ணைக் கூப்பிடுகிறார், மாணவன் ‘உள்ளேன் ஐயா’ என்கிறான், பதிவேட்டில் குறிக்கிறார். பலகையும் அதேதான் செய்கிறது, கூப்பிடும்போது பல கருவிகளில் சின்ன விளக்கு ஒருமுறை மின்னுவதைக்கூட நின்று பார்க்கலாம். ஒரே வகைக் கருவி இரண்டுக்கு ஒரே எண்ணை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். இரண்டு பேர் ஒரே குரலில் ‘உள்ளேன்’ என்றால் ஆசிரியர் ஒருவரைத்தான் குறிப்பார், சில பலகைகள் இரட்டை முகவரி என்று பழுது காட்டும், சில காட்டாது. அதனால்தான் திரையில் வரும் எண்ணிக்கையை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். வரைபடத்தில் 86, திரையில் 85 என்றால் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தாமல் ஏணியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். கம்பி தளர்ந்திருக்கலாம், எண் இரட்டித்திருக்கலாம்.

இப்படிச் சொன்ன வகுப்பில் யாரும் ‘வேலை முடிந்தது’ என்று நினைத்ததில்லை, ஏனென்றால் பெயர் கூப்பிட்டதும் பாடம் முடிந்துவிடாது என்று எல்லாருக்கும் தெரியும். எனவே சொல்லின் நடுவில் ‘பதிவு’ இருக்கட்டும். கணக்கெடுப்பு என்றால் எண்ணிக்கை மட்டும்தான், எழுதிவைப்பது அதில் இல்லை. தானாகப் பதிதல், அல்லது கருவிப் பதிவு.

---

தமிழாசிரியர் எழுதியது:

பதிவு என்பதற்கு இசைகிறேன். பதிதல் என்றால் அழுந்துதல், மண்ணில் கால் பதிவது போல நினைவகத்தில் எண் பதிகிறது, நல்ல வேர்தான். அப்படியானால் ‘தானாகப் பதிதல்’ என்று வாக்கியத்தை நீட்டுவானேன்? தற்பதிவு. தற்காப்பு, தற்பெருமை வரிசையில் வரும். ‘தன்’ என்பதன் ஈறு வல்லினம் வரும்போது உறழும் என்று நன்னூல் சொல்கிறது, தன்பகை என்றும் வரலாம், தற்பகை என்றும் வரலாம். எனவே தன்பதிவு என்று எழுதினாலும் பிழையில்லை. எனக்குத் தற்பதிவு இனிக்கிறது. முகவரி தானே அமைவதைத் தன்முகவரி என்போம், பதிவும் முகவரியும் கலக்காது. ஒரு துறைக்குச் சொல் ஆக்கும்போது அது பெயர்போலத் திரண்டு நிற்க வேண்டும், விளக்கம்போல அவிழ்ந்து கிடக்கக் கூடாது. இன்று புரியாது என்று ஒதுக்கினால் எந்தச் சொல்லும் நாளைக்குப் பழகாது. முகவரியே ஒரு காலத்தில் விலாசத்தை விட்டு வர மறுத்தவர்களிடம் போராடி வந்த சொல்தானே.

---

டெக்னீஷியன் எழுதியது:

தற்பதிவு என்றால் ‘தற்போதைய பதிவு’ என்று என்னுடன் வேலை செய்கிறவர்கள் படிப்பார்கள், இப்போது கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தானாகப் பதிதல் என்றதும் கேள்வியே வரவில்லை.

இன்னொன்றையும் கையேட்டில் பிரித்துச் சொல்லுங்கள். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்வது ஒன்று. இருப்பதை வைத்துக்கொண்டு புதிதாக மாட்டியதை மட்டும் சேர்ப்பது மற்றொன்று. ஒரு டிடெக்டரைச் சேர்க்கப்போய் முதலாவதைச் செய்தால், யாரோ உட்கார்ந்து எழுதிய அறைப் பெயர்களும் எது அடித்தால் எது இயங்கும் என்ற கணக்கும் மொத்தமாகப் போய்விடும். இந்த இரண்டுக்கும் பெயர் இருந்தால் நல்லது.

---

பயிற்சி வகுப்பு நடத்துபவர் எழுதியது:

முழுப்பதிவு, சேர்ப்புப்பதிவு. ‘பதிவு’ இருந்தால் இதுதான் வசதி, நிரலாக்கத்தை வைத்து இப்படிப் பிரிக்க முடியாது.

எது செய்தாலும் பிறகு சோதனை வேண்டும் என்பதை அதே பக்கத்தில் போடுங்கள். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 72 விதியின்படி, பலகையில் அந்தக் கட்டடத்துக்கென எழுதிய மென்பொருளை மாற்றினால், மாற்றம் தொட்ட எல்லாவற்றையும் முழுவதுமாகச் சோதிக்க வேண்டும். மாற்றம் தொடாத தொடக்கக் கருவிகளிலும் (உணரி போல எச்சரிக்கையைத் தொடங்கிவைப்பவை) 10 விழுக்காட்டைச் சோதிக்க வேண்டும், அதற்கு அதிகபட்சம் 50 கருவிகள் போதும். தொடாததையும் ஏன் என்று கேட்பார்கள். தொடவில்லை என்று நாம் நினைப்பதைத்தான் சரிபார்க்கிறோம்.

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கோப்பை அனுப்பியாக வேண்டிய நேரம் வந்துவிட்டது, ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன்.

தலைப்பிலும் உடலிலும் ‘தானாகப் பதிதல்’. முதலில் வருமிடத்தில் மட்டும் ‘திரையில் ஆட்டோ புரோகிராம் என்று காணும் தெரிவு’ என்று ஒரு வரி, அதனால் திரையோடு பொருத்துவதில் சிக்கல் இருக்காது. அதன்கீழ் முழுப்பதிவு, சேர்ப்புப்பதிவு. ‘நிரலாக்கம்’ என்பதை எது அடித்தால் எது இயங்கும் என்று மனிதர் எழுதுகிற அத்தியாயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அங்கே அது முழுப் பொருளோடு நிற்கிறது, ஆசிரியர் ஐயா சொன்ன நிரனிறையும் அங்கேதான் பொருந்துகிறது என்று தோன்றுகிறது: இன்ன உணரிக்கு இன்ன ஒலிப்பான் என்று இரண்டு வரிசைகளை நாம்தான் சேர்க்கிறோம். உணரி அப்படியே இருக்கிறது. முகவரியைப் பலகையே தருவது இந்தக் கையேட்டில் வரவில்லை, வரும்போது மறுபடி கேட்கிறேன்.

---

கலைச்சொல் தொகுப்பாளர் எழுதியது:

உங்கள் கையேட்டுக்கு அது சரியாக இருக்கலாம். தொகுதியில் ‘தானியங்கு நிரலாக்கம்’ என்றே பதிவேன், ‘தானாகப் பதிதல்’ என்பதைத் தீயறிவிப்புத் துறை வழக்கு என்று அடுத்த வரியில் தருகிறேன். இரண்டும் ஒன்றல்ல என்று டெக்னீஷியன் நண்பர் எழுதியதையும் குறிப்பாகச் சேர்க்க அவர் அனுமதி வேண்டும்.

---

தமிழாசிரியர் எழுதியது:

அச்சுக்குப் போகட்டும், தடை சொல்லவில்லை. ஆனால் முழுப்பதிவும் சேர்ப்புப்பதிவும் பெயராகத் திரண்டு நிற்க, அவற்றுக்குத் தலையான சொல் மட்டும் ‘தானாகப் பதிதல்’ என்று அவிழ்ந்து நிற்பதைப் பாருங்கள். அடுத்த பதிப்புக்குள் தற்பதிவைப் பற்றி இன்னொரு மடல் எழுதுவேன்.

---

டெக்னீஷியன் எழுதியது:

தொகுப்பாளர் ஐயா, தாராளமாகச் சேருங்கள். வாயு அணைப்பு மாட்யூல் பற்றியதை மட்டும் சுருக்காமல் முழுசாகப் போடுங்கள்.