தாத்தாவின் சவரக்கத்தியில் பூவேலை மங்குகிறது, காப்பாற்ற வழி உண்டா?

வடபழனிப் பேரன்:
வணக்கம். தாத்தா சைதாப்பேட்டையில் சலூன் வைத்திருந்தவர். அவருடைய மடக்குக் கத்தி போன வாரம் பரணில், ஒரு தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. அலகும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் 'சோலிங்கன், ஜெர்மனி' என்று ஆழமாகக் குத்தியிருக்கிறது. அலகில் கொடியும் பூவுமாக ஒரு வேலைப்பாடு, அங்கங்கே தங்க நிறம். சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. பித்தளை பாலிஷ் போட்டு ஓரமாகத் தேய்த்தேன். இரண்டே தேய்ப்பில் தங்கம் துணியோடு வந்துவிட்டது. பதறிப்போய் நிறுத்திவிட்டேன். இனி என்ன செய்யலாம்?

பழங்கத்தி:
நிறுத்தியது நல்லது தம்பி. கழுத்தில் இருப்பது அச்சு வைத்து அடித்தது, சுலபத்தில் போகாது. அலகில் இருப்பது அமிலம் அரித்த மெல்லிய தடம்; மேலே பூசிய தங்கம் அதைவிட மெல்லியது. பாலிஷ், உப்புத்தாள், கம்பிப் பஞ்சு எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது. முதலில் பக்கவாட்டில் டார்ச் அடித்து நிறைய போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் தையல் மெஷின் எண்ணெயை மெத்தென்ற துணியில் தொட்டு ஒற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும். சிவப்புத் துருவைப் பல் குத்தும் குச்சியால் மெல்ல நெம்பலாம். கறுப்புக் கறை அப்படியே இருக்கட்டும். ஆமாம், கைப்பிடி எதனால் ஆனது? விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்.

ரிச்சி தெரு ரசிகன்:
சர்க்யூட் போர்டு அரிக்கிற பெரிக் குளோரைடு கரைசல் வாங்கி, பூவேலைக் கோடுகளை மறுபடி அரித்துக்கொள்ளலாமே?

பழங்கத்தி:
வேண்டாம் சார். கரைசல் படக்கூடாத இடத்தில் நெயில் பாலிஷால் அணை கட்டி, பழைய கோட்டின் மேலேயே வரைய யாராலும் முடியாது. கை கொஞ்சம் நடுங்கினாலும் இருப்பதும் போய்விடும். அதோடு, புதிதாக அரித்தது தாத்தா பார்த்த பூ இல்லையே.

வடபழனிப் பேரன்:
முகர்ந்தேன், பூஜை அறைக் கற்பூர வாடை! கத்தியை மடக்கினால் கைப்பிடிக்குள் போகிற பகுதியில்தான் துரு அதிகம்.

பழங்கத்தி:
நினைத்தேன். அது செல்லுலாய்டு என்கிற பழைய வகை பிளாஸ்டிக், கற்பூரம் சேர்த்துச் செய்தது. பழசாகிச் சிதையும்போது அமில ஆவி விடும், அதுதான் அலகைத் தின்கிறது. தகரப் பெட்டிக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லை. நம்மூர்ப் புழுக்கமும் சேர்ந்துகொண்டது. இனி விரித்தே வையுங்கள், காற்றாட, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். கைப்பிடி வெடித்திருந்தால் ஆணியைக் கழற்றித் தனியே எடுத்துவிடுங்கள்.

வடபழனிப் பேரன்:
வெடிப்பு இல்லை. எண்ணெய் ஒற்றி ராத்திரி வைத்தேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், இதுவரை கண்ணில் படாத ஒரு மொட்டு கொடியின் நுனியில் தெரிகிறது. அலமாரியில் விரித்து வைத்துவிட்டேன்.