கை வலம் போனால் முனை இடம் போகிறது: ஒரு சொல் வேண்டும்

மடல் 1
அன்பர்களே, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை) அடிப்படைப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஃபல்க்ரம் எஃபெக்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நிற்கிறேன். கருவி நுழையும் வயிற்றுத் துளையே ஊன்றுபுள்ளி. கையை வலப்பக்கம் நகர்த்தினால் முனை இடப்பக்கம் போகும். கை மேலே என்றால் முனை கீழே. புதிதாக வருகிற இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சிப் பெட்டிக்குள் ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு வளையம் மாற்றுவதற்குள் வியர்த்துவிடுகிறது. 'நெம்புகோல் விளைவு' என்றால் பாறை பெயர்ப்பதுபோல் இருக்கிறது.

மடல் 2
'மறிமுனை' எனலாமே? மறிதல் என்றால் திரும்புதல், கீழ்மேலாதல். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். மறியலும் இந்த வேர்தான்.

மடல் 3
ஐயா, மறி ஆட்டுக்குட்டியும்தான். அறுவை அரங்கில் சிரித்துவிடுவார்கள். 'எதிரசைவு' போதும், கேட்டதும் புரியும்.

மடல் 4
எதிரசைவு பாதி உண்மை. உள்ளே தள்ளினால் முனையும் உள்ளேதான் போகிறது. கருவியைத் திருகினாலும் திருகிய பக்கமே திரும்புகிறது. அளவு மாறுவதை அந்தச் சொல் சொல்லவே இல்லை. கருவி பாதி உள்ளே, பாதி வெளியே என்றால் கையும் முனையும் சமமாக நகரும். இன்னும் உள்ளே போய்விட்டால் கை லேசாக அசைந்தாலே முனை பெரிதாக வீசும், பழகாத கை கல்லீரலில் போய் இடிக்கும். கிணற்றுத் துலாவில் இரண்டும் உண்டு: எதிர்த்திசையும், தண்டின் நீளக் கணக்கும். 'துலா விளைவு' என்று வையுங்கள்.

மடல் 5
துலா வடசொல்.

மடல் 4-இன் ஆசிரியர்
புறாவுக்காகத் தராசு ஏறிய சோழனின் வழிவந்தவனைப் பாடும் புறநானூறு 39-இல் 'துலாஅம்' என்றே வருகிறது. அளபெடையே எடுத்துவிட்டது, இன்னும் விருந்தாளியா?

மடல் 5-இன் ஆசிரியர்
பழசானால் தமிழாகிவிடுமா? அது கிடக்கட்டும். ட்ரோகார் (வயிற்றைத் துளைத்துக் கருவிக்கு வழிவிடும் சாதனம்) என்பதே பிரெஞ்சில் மூன்று பக்க முனையைக் குறித்த சொல். கையேட்டில் அதை 'மும்முக ஊசி' என்று மாற்றியாயிற்றா?

மடல் 6
கேட்டது அதுவல்ல, ஐயா. அப்புறம், இப்போது மழுங்கிய முனை ட்ரோகார்களும் இருக்கின்றன. அவற்றை என்ன முகம் என்பீர்கள்?

மடல் 7 (தொடங்கியவர்)
தனிமடல்களையும் சேர்த்தால் எதிரசைவுக்கு நான்கு பேர், துலாவுக்கு இரண்டு பேர், மறிமுனைக்கு அதை முன்மொழிந்தவர். எதிரசைவு என்றே போடுகிறேன். அளவு மாறுவதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறேன். நன்றி.

மடல் 4-இன் ஆசிரியர்
சரி. என் பிரதியில் பேனாவால் துலா என்று திருத்திக்கொள்வேன்.

மடல் 5-இன் ஆசிரியர்
ட்ரோகார்?