ஹம் (hum), பஸ் (buzz): 'முரல்', 'கூர்முரல்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வால்வு பெருக்கியில் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) கோளாறாகக் கேட்கும் ஹம், பஸ் என்ற இரண்டு ஒலிகளையும் தமிழில் 'இரைச்சல்' என்றே குறிக்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரைச்சல், நாய்ஸ் என்பதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். தவிர, பழுது பார்ப்பவர் முதலில் நம்புவது காதைத்தான். எந்த ஒலி என்று பிரித்தறிந்தால் எங்கே கை வைப்பது என்பதும் தெரிந்துவிடும். பெயர் ஒன்றானால் அந்த வசதி போய்விடும்.

ஹம் வழவழப்பான, அடங்கிய ஒலி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் அது பெரும்பாலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். மற்ற இடங்களில் 60 அல்லது 120. 50-க்கும் 100-க்கும், அதேபோல் 60-க்கும் 120-க்கும், சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளி என்பதால் பழகிய காது பிரித்துவிடும். முழு அலைத் திருத்தி (மாறுமின்னோட்ட அலையின் இரு பாதிகளையும் நேர்மின்னோட்டமாக்கும் பகுதி) உள்ள கருவியில் 100 கேட்டால், அந்த மின்னோட்டத்தைச் சமன்செய்து வடிகட்டும் மின்தேக்கிகளைச் சந்தேகிக்கலாம். 50 கேட்டால் வால்வைச் சூடாக்கும் இழைக்குப் போகும் 6.3 வோல்ட் கம்பிகளைப் பாருங்கள். நெருக்கமாக முறுக்கி, சேசிஸ் (கருவியின் உலோகச் சட்டகம்) மூலையோடு ஒட்டவைத்திருக்கிறதா, வால்வுக்குள் ஒலிக்குறிப்பைக் கொண்டுசெல்லும் கிரிட் கம்பிக்குப் பக்கத்தில் தொங்குகிறதா? இந்த ஒலிக்கு 'முரல்' பொருத்தமாக இருக்கும். வண்டு முரல்வதைத் தமிழ் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 'பெருக்கி முரல்கிறது' என்று வினையாகவும் இயல்பாக வரும். 'இழைமுரல்' என்று ஒட்டிக்கொள்ளவும் இடம் தரும்.

பஸ் கரகரப்பானது, அதே மின்சாரத்தின் மேற்சுரங்கள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) நிறைந்தது. வடிகட்டும் முதல் மின்தேக்கி மின்னோட்டத்தைச் சீராக வாங்குவதில்லை. அலையின் உச்சியில் திருத்தியின் டயோடு திறக்கும் சிறு பொழுதில், கூர்மையான துடிப்பாக இழுத்துக்கொள்கிறது. அந்தத் துடிப்பு திரும்பிச் செல்லும் கம்பியையே ஒலிக்குறிப்பின் எர்த்தும் (அதன் பொதுத் திரும்பு வழி) பங்கிட்டால், துடிப்பு அப்படியே ஒலிபெருக்கியில் கேட்கும். பலர் இங்கே மின்தேக்கியைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். துடிப்பு இன்னும் கூராகுமே தவிர அடங்காது. மின்மாற்றிச் சுருளின் நடுமுனையை நேராக முதல் மின்தேக்கியின் எதிர்முனையில் பற்றவைத்து, அங்கிருந்து தனிக் கம்பியாக எர்த் புள்ளிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். காரணமே கூரான துடிப்பு என்பதால் 'கூர்முரல்' என்கிறேன். இரண்டும் ஒரே மின்சாரத்தில் பிறந்தவை. வேர்ச்சொல் ஒன்றாக இருப்பதே முறை.

'ரீங்காரம்' அழகான சொல்தான். ஆனால் அதில் ஓர் இனிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழுதின் பெயராக மனம் ஒப்பவில்லை. எர்த் வளையம் (எர்த் இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் போய் வளையமாவது) என்பது ஒலியின் பெயர் அன்று, காரணத்தின் பெயர். அதைத் தனியே வைத்துக்கொள்வோம்.

இச்சொற்களுக்கான விளக்கக் குறிப்பில் பழுது பார்ப்பவருக்கான சில செய்திகளையும் சேர்க்க வேண்டுகிறேன். ஒலியளவுக் குமிழைக் குறைத்தால் முரலும் குறைகிறதென்றால் கோளாறு குமிழுக்கு முந்தைய கட்டத்தில். மாறாவிட்டால் பிந்தைய கட்டத்தில் அல்லது மின்வழங்கியில். அடுத்து, முரல் போகிறது என்பதற்காகச் சேசிஸின் பாதுகாப்பு எர்த்தை ஒருபோதும் கழற்றக் கூடாது. அணைத்த பிறகும் மின்தேக்கியில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம்; தக்க மின்தடை வழியாக வடியவிட்டு, மீட்டரால் அளந்த பின்பே உள்ளே கை வைக்க வேண்டும்.

'கூர்முரல்' உச்சரிக்கக் கடினம் என்று கருதுபவர்கள் மாற்றுச் சொல்லை முன்வையுங்கள். 'முரல்' என்ற வேர் மட்டும் அதில் இருக்கட்டும்.