மறுமொழி: தியேட்டர் ஆர்கன் – 'திரையரங்கப் பல்லியம்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> தியேட்டர் ஆர்கனை 'நாடகத் தானியங்கி இசைப்பெட்டி' என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா, மூன்று சொல்லுமே இடறுகின்றன. இந்தத் தியேட்டர் நாடக மேடை அன்று, பேசாப்படம் ஓடிய திரையரங்கு; அங்கே படத்துக்கு இசை வாசித்த, குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கருவிதான் தியேட்டர் ஆர்கன். பெட்டி என்றதும் கையில் தூக்கிப்போகிற பொருள்தான் நினைவுக்கு வரும். இதன் குழல்களோ தனி அறைகளில் நிற்பவை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது தானாக வாசிப்பதில்லை.

ஒரு கருவியைப் பார்த்ததும், பாட்டு அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மியூசிக் பாக்ஸில் உருளையில் இருக்கிறது. உருளை சுழலச் சுழல, அதில் பதித்த முட்கள் எஃகுச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக நிமிண்டிவிட்டுப் போகும். சுருளைப் போட்டால் தானே வாசிக்கும் பியானோவான பியானோலாவை மிதிக்க ஆள் வேண்டும்தான், ஆனாலும் பாட்டு காகிதச் சுருளின் துளைகளில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் அமைத்த, நீரால் இயங்கும் குழலும் இந்த இனம்தான். இவற்றையெல்லாம் 'தானிசைக் கருவி' என்போம். உறுப்புகளுக்கு 'முள்ளுருளை', 'துளைச்சுருள்' போதும்.

தியேட்டர் ஆர்கனில் பாட்டு வாசிப்பவர் கையில். சுருள் ஓட்டும் பொறியைச் சிலவற்றில் சேர்த்ததும் உண்டு, ஆனால் அது கூடுதல் வசதிதான்.

அப்புறம், இதை உருவாக்கியவர்களே ஆர்கெஸ்ட்ரா என்றுதான் அழைத்தார்கள். டெலிபோன் பொறியாளராக இருந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ், விரலால் அழுத்தும் கட்டைக்கும் குழலுக்கும் இடையிலான மின்இணைப்பை மேம்படுத்தினார். 1910இல் அவர் வுர்லிட்சர் என்ற அமெரிக்க இசைக்கருவி நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, 'யூனிட் ஆர்கெஸ்ட்ரா' என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. ஒரே குழல்வரிசையைப் பல விதமாகப் பயன்படுத்துவதுதான் இதன் உத்தி. 61 கட்டைக்கு 61 குழல் கொண்ட ஒரு வரிசையோடு 12 குழலைச் சேர்த்தால், அதே வரிசை ஒரு ஸ்தாயி மேலேயும் ஒலிக்கும். புதிதாக இன்னொரு 61 குழல் தேவையில்லை. மின்இணைப்பு இருப்பதால் எந்த விசைப்பலகையிலிருந்தும் எந்த வரிசையையும் வாசிக்கலாம். குழல் அறைகளுக்குள் நிஜமான முரசும் தாளத்தட்டும் உண்டு. பறவைக் குரலும் குதிரைக் குளம்பொலியும்கூட அங்கிருந்தே வரும். குதிரைலாட வடிவ மேசையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி, ஒரே ஆள் இத்தனையையும் ஆள்கிறார்.

இதற்குப் 'பல்லியம்' என்ற சொல் நம்மிடம் காத்திருக்கிறது. இயம் என்றால் வாத்தியம்; பல இயம் சேர்ந்தது பல்லியம். திருமுருகாற்றுப்படை முருகனைக் 'குறும்பல்லியத்தன்' என்கிறது; அதே அடியில் 'குழலன்' என்றும் வருகிறது. எனவே 'திரையரங்கப் பல்லியம்' என்பது என் பரிந்துரை. விளக்கக் குறிப்பில் 'ஒருவர் வாசிக்கும் குழற்பல்லியம்' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தக் குழல்வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் விசையான 'ஸ்டாப்' என்பதை 'நிறுத்தி' என்று நம் கலைச்சொல் பட்டியலில் போட்டிருப்பதை எடுத்துவிட வேண்டுகிறேன். வயலின் குரல் வேண்டுமென்றால் அதற்குரிய ஸ்டாப்பைப் போட்டால்தான் அந்த வரிசை பேசும். பேச வைப்பதற்கு 'நிறுத்தி' என்று பெயர் வைத்தால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். தியேட்டர் ஆர்கனில் இவை நாக்கு வடிவில், மேசையின் வளைவு நெடுக வரிசையாக இருக்கும். 'குரல்விசை' எனலாம்.

'ட்ரெமுலன்ட்'தான் இன்னும் பிடிபடவில்லை. குழலுக்குப் போகும் காற்றையே அதிரவைத்து ஒலியில் அலை எழுப்பும் உறுப்பு அது. கர்நாடக இசையின் கமகங்களில் ஒன்றான 'கம்பிதம்' முதலில் தோன்றியது. ஆனால் கம்பிதம் வாசிப்பவர் ஸ்வரத்தில் காட்டும் அசைவு, இது காற்றுக்குக் கொடுக்கும் அசைவு. இப்போதைக்குக் 'காற்றசைவி' என்று குறித்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.