தினமும் நடப்பவரின் இதயம் கடும் தொற்றைத் தாங்குமா?

கேள்வி:
என் மாமனாருக்கு வயது 64. சிறுநீர்த் தொற்று முற்றி, செப்சிஸ் (தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) ஆகி, சென்ற மாதம் ஐசியூவில் சேர்த்தோம். மூன்றாம் நாள் எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம் என்றார்கள். அதற்கு முன் அவருக்கு இதயக் கோளாறு எதுவும் இருந்ததில்லை. பத்தாம் நாள் அது 55 ஆகி இயல்புக்கு வந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக விடியற்காலையில் நடந்து வந்ததால்தான் தப்பித்தார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இதில் எந்த அளவுக்கு உண்மை இருக்கிறது?

மறுமொழி 1:
செப்சிஸில் இதயத் தசை சில நாள் தளர்ந்து, பிழைத்தவர்களுக்கு 7 முதல் 10 நாளில் மீள்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-லேயே பதிவு செய்துவிட்டார்கள். நடைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் இப்படி மீள்கிறது என்பதால், 55 ஆனதற்கு நடையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

ஆனால் உறவினர்கள் சொல்வதை முற்றிலும் தள்ளவும் முடியாது. இதயத்தைத் தளர்த்துவது கிருமி மட்டுமன்று. அதை எதிர்க்கக் கிளம்பும் அழற்சிப் பொருள்களும், இரத்தக்குழாயின் உட்சுவரை அரிக்கும் ஆக்சிஜன் தனியுறுப்புகளும் (ஃப்ரீ ராடிக்கல் எனப்படும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) சேர்ந்துதான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜென் யான் குழுவினர் எலிகளில் கண்டது இதுதான்: உடற்பயிற்சியால் கால் தசைகளில் கூடுதலாகச் சுரக்கும் ஈசிஎஸ்ஓடி என்னும் நொதி, இரத்தத்தின் வழியே சென்று மற்ற உறுப்புகளின் குழாய்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு அந்தத் தனியுறுப்புகளை அடக்குகிறது. காலில் சேர்த்தது நெஞ்சுக்கு உதவுகிறது எனலாம். மனிதரிடம் இது இன்னும் உறுதிப்படவில்லை.

மறுமொழி 2:
மனிதரிடம் கிடைத்த சான்றும் உண்டு. கலிபோர்னியாவில் கோவிட் கண்ட 48,440 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், அசையாமலே இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு விகிதம் 2.26 மடங்காகவும், இறக்கும் வாய்ப்பு விகிதம் 2.49 மடங்காகவும் இருந்தது. எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார்கள் என்பது நோயாளிகளே சொன்ன கணக்கு. மேலும், ஏற்கெனவே உடல்நலம் உள்ளவர்தானே நடக்கவும் செய்வார்! அதுவும் இதயத்தைத் தனியே அளந்த ஆய்வன்று.

மறுமொழி 3:
இதைப் படித்துவிட்டுக் காய்ச்சலோடு ஓடக் கிளம்பாதீர்கள். இதயத் தசையைத் தாக்கக்கூடிய காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்தவிட்டபோது இதயத்தில் சேதம் கூடியதாக 1970-இலேயே எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி தொற்றுக்கு முன் சேர்த்து வைக்க வேண்டியது.

கேட்டவர்:
நன்றி. நேற்று வீடு திரும்பியதுமே மாமா நடைக்குப் போகும் செருப்பைத் தேடினார். மருத்துவர் சொல்லும்வரை கூடத்துக்குள் மட்டும் நடக்கட்டும் என்று அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறோம்.