யு.கே.ஜி. பிள்ளைக்கு 40 வார்த்தை மனப்பாடம் தேவையா?

சாம்பார்க்கறை:
என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் 40 ஆங்கில வார்த்தைகள், பெயர் ‘சைட் வேர்ட்ஸ்’. எழுத்துக் கூட்டக் கூடாதாம், பார்த்த உடனே சொல்ல வேண்டுமாம், வெள்ளிக்கிழமை டெஸ்ட். நானும் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, தினமும் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். ‘வேர்’ (எங்கே என்று கேட்கிற வேர்) அட்டையை எடுத்தால் நான் நீட்டுவதற்குள் சொல்லிவிடுவாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்று என் மனைவி, அட்டை அழுக்காக இருக்கிறதே என்று அதையே புதிதாக எழுதிக் காட்டினாள். பிள்ளை திருதிரு என்று முழித்தது. பழைய அட்டையின் மூலையில் ஒரு சாம்பார்க் கறை இருந்தது, அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் சொல்லியிருக்கிறாள்! இதற்குப் பெயர் வாசிப்பா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதினொரு வருஷ மிஸ்:
கறைக்குப் பள்ளி பொறுப்பில்லை சார் 🙂 நான் யு.கே.ஜி. வகுப்பு எடுப்பவள், என் பக்கத்தையும் கேளுங்கள். அந்தப் பட்டியல் நாங்கள் உட்கார்ந்து யோசித்தது இல்லை. அமெரிக்காவில் டோல்ச் என்பவர் 1936-இல் குழந்தைகளுக்கான வாசிப்பில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகளைத் தொகுத்தார், பெயர்ச்சொற்கள் இல்லாமல் 220. அதன் முதல் படிதான் உங்கள் கையில் இருக்கும் 40. ‘தி’, ‘இஸ்’, ‘யூ’, ‘டு’ இல்லாமல் ஒரு கதைப் பக்கத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். டி-எச்-இ என்பதைப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டிருந்தால் வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும்.

கூட்டிப்படி:
மிஸ், அதே 40-இல் ‘ஜம்ப்’, ‘ஹெல்ப்’, ‘ரெட்’, ‘பிக்’, ‘ரன்’, ‘நாட்’ எல்லாம் இருக்கின்றனவே, அவற்றை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? ஒலி தெரிந்த பிள்ளை தானாகக் கூட்டிப் படித்துவிடும். அடிக்கடி வரும் வார்த்தை வேறு, ஒலிக்கு அடங்காத வார்த்தை வேறு. இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பிள்ளை தலையில் ஏற்றுகிறார்கள், அதுதான் என் கோபம்.

அடங்காத வார்த்தைகூட முழுசாக அடங்காதது இல்லை. ‘செட்’ எடுத்துக்கொள்ளுங்கள், எஸ்-ஏ-ஐ-டி. எஸ் ஒழுங்காக இருக்கிறது, டி ஒழுங்காக இருக்கிறது, நடுவில் ‘ஏ-ஐ’ மட்டும்தான் குறும்பு. அந்த இரண்டு எழுத்துக்கு அடியில் மட்டும் சிவப்புக் கோடு போட்டு, மற்றதைப் பிள்ளையையே ஒலிக்கச் சொல்லுங்கள். ‘டூ’வில் (இரண்டு) டபிள்யூ எதற்கு என்று கேட்டால் ‘ட்வின்’, ‘ட்வைஸ்’ இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், அங்கே அது சத்தம் போடுகிறது, இங்கே சும்மா இருக்கிறது. லின்னியா எஹ்ரி என்ற ஆய்வாளர் பல வருஷமாகச் சொல்வதும் இதுதான்: பார்த்ததும் தெரிகிற வார்த்தை படம் மாதிரி மண்டையில் ஒட்டுவதில்லை, எழுத்தும் ஒலியும் முடிச்சுப் போட்டுத்தான் நிற்கிறது. முடிச்சு இல்லாவிட்டால் சாம்பார்க் கறைதான்.

பதினொரு வருஷ மிஸ்:
எழுதுவது சுலபம். என் வகுப்பில் 38 பிள்ளைகள், நான் ஒருத்தி. நான் ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் முறை) சொல்லிக் கொடுத்து அனுப்பினால் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? நம் ஆட்களுக்கு மெய்யோசையை உகரம் இல்லாமல் சொல்ல வராது. ‘க்கு… ஆ… ட்டு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ‘சேர்த்துச் சொல்லு’ என்கிறார்கள். பிள்ளை ‘குஆட்டு’ என்கிறது. அது ‘கேட்’, பூனை என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் குளறுபடிக்கு 40 வார்த்தையைப் பார்த்துப் பழகட்டும் என்பது எவ்வளவோ மேல். அடுத்த தாளில் ‘வாஸ்’ (டபிள்யூ-ஏ-எஸ்), ‘சா’ (எஸ்-ஏ-டபிள்யூ) இரண்டும் வருகின்றன, ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. அப்போது நீங்கள் சொல்லும் சிவப்புக் கோட்டை நானும் போடுகிறேன், சரியா?

கூட்டிப்படி:
‘குஆட்டு’ உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன், எங்கள் வீட்டிலும் நடந்தது 😀 ஆனால் அதற்கு மருந்து பெற்றோரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் ‘ம்ம்ம்’, ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கக்கூடிய ஒலிகளில் இருந்து பழக்குவது, ஒலியையே விட்டுவிடுவது இல்லை. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புச் சோதனை வைக்கிறார்கள், அதிலும் 40 வார்த்தைதான், ஆனால் பாதி அர்த்தமே இல்லாத போலி வார்த்தை. பார்த்து வைத்ததை ஒப்பிக்க வழியே இல்லை. உங்கள் வெள்ளிக்கிழமை டெஸ்டில் ஒரே ஒரு போலி வார்த்தை சேர்த்துப் பாருங்களேன்.

ஒன்றாம் வகுப்பு வாத்தியார்:
ஆங்கிலச் சண்டையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அரசுப் பள்ளி, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த 2022-லிருந்து அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்திருக்கிறேன். தமிழில் வார்த்தையை முழுசாகப் பார்த்துப் பழக்குவது பாதி வழியில் நின்றுவிடும். ‘வீடு’ அட்டையைக் காட்டிப் பழக்கினால், பாடத்தில் வருவது ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டையும்’. அட்டைக்கு எங்கே போவது? ‘மரம்’ தெரிந்த பிள்ளை ‘மரத்தில்’ வந்ததும் நின்றுவிடுகிறது. எழுத்துத் தெரிந்தால்தான் வால் முளைத்த வார்த்தையைப் பிடிக்க முடியும். ஆனால் ‘ஒரு’, ‘அது’, ‘என்ன’, ‘என்று’ போன்ற குட்டி வார்த்தைகள் பார்த்ததும் வந்துவிட வேண்டும் என்பதில் மிஸ் கட்சி நான். ‘வா… ழை… ப்… ப… ழ… ம்’ என்று ஏறி இறங்கி வருகிற பிள்ளைக்கு ‘ஒரு’வாவது இலவசமாகக் கிடைக்கட்டும்.

இன்னொன்று. ஒரு பையன் ‘காகம் இருந்தது’ என்பதை ‘காகம் இருந்துச்சு’ என்று வாசிக்கிறான். நான் திருத்துவதில்லை.

கூட்டிப்படி:
திருத்தாமல் விடுவதா? அவன் ‘இரு’ வரைக்கும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான் வாத்தியாரே, நாளைக்கு ‘இருக்கிறது’ என்பதையும் ‘இருந்துச்சு’ என்பான்.

ஒன்றாம் வகுப்பு வாத்தியார்:
சொல்லவில்லை. ‘இருக்கிறது’ வந்தால் ‘இருக்குது’ என்கிறான். காலத்தைச் சரியாகப் பிடிக்கிறான், அவன் வீட்டுப் பேச்சில் சொல்கிறான், அவ்வளவுதான். கடைசி இரண்டு எழுத்தில் விரல் வைத்து ‘இங்கே என்ன போட்டிருக்கு?’ என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்பேன், அன்றைக்கு அவனே சிரித்துக்கொண்டு ‘தது’ என்பான். முதல் நாளே நிறுத்தினால் வாயை மூடிவிடுவான்.

ஓரமா உக்காந்தவன்:
நான் அந்தக் காலத்துப் பிள்ளை, திண்ணையில் ‘ஆனா, ஆவன்னா’ மணலில் எழுதிப் படித்தவன். பேருந்து போர்டைத் தூரத்திலிருந்தே படிக்கக் கற்றுக்கொண்டது மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

சாம்பார்க்கறை:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு 40-ஐயும் பிரித்தேன். கூட்டினால் வருபவை பதினொன்று தேறின, அவற்றைத் தனியாக எடுத்து வைத்து அவளையே கூட்டச் சொன்னேன், ‘ஹெல்ப்’ மூன்றாவது முயற்சியில் வந்தது. மற்றதில் சிவப்புக் கோடு. இப்போது ஒரு புதுச் சிக்கல்: ‘ஏ-ஐ ஏன்பா ‘எ’ன்னு சொல்லுது?’ என்கிறாள். ‘சே’ என்ற வார்த்தையில் ஏ-ஒய் இருப்பதைக் காட்டி, அதன் பிள்ளை ‘செட்’ என்று சமாளித்தேன். ‘அப்ப ‘ப்ளே’வோட பிள்ளை ‘ப்ளெட்’டா?’ என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். மிஸ், இதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் வேண்டும்.